ஸ்டெல்லா மூடாத சன்னல்

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் முப்பதடி உயரத்தில் இருந்தேன். எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலையின் சங்கு ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. ஊதினால் மூன்று மைலுக்குக் கேட்கும். அதன் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. ஏணியில் நின்று ஒரு கையால் கூட்டைச் சுரண்டிக்கொண்டே மறு கையால் கைப்பேசியை எடுத்தேன். ஏணியை எந்தக் கையால் பிடித்திருந்தேன் என்று கேட்காதீர்கள். நாற்பது வருடம் வயர்மேனாக இருந்தவனுக்கு ஏணி பிடிக்கக் கை தேவையில்லை.

"அங்கிள், சேவியர் பேசறேன். அக்கா தவறிட்டாங்க."

எந்த அக்கா என்று கேட்டேன். அவனுக்கு இருந்தது ஒரே அக்கா என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். காலையில் ரஹாங் வீட்டில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாளாம். மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

அந்த நேரத்தில் கம்பத்தின் அடியில் இருக்கும் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும் சத்தம்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டதும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆலைச் சங்கின்மேல் இடி விழுந்தபோதுகூட நான் பிடிக்காத ஏணி இது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று சேவியர் கேட்டான். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவள்? ரஹாங் கோயில் பாட்டுக் குழுவில் அவளோடு பாடியவர்களுக்கு அவளுடைய குரல் தெரியும். அம்பாங்கான் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளுடைய கோபம் தெரியும். எங்கள் தோட்டத்துக்கு அவள் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. வேறு ஆள் இருந்தாலும் என் அளவுக்குச் சொல்ல வராது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அதன்மேல் தாழ்வான ஒரு பாலம். மேலே மலைப்பக்கம் மழை கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பாலத்துக்கு மேல் வந்து நிற்கும். தோட்டத்தில் இப்போது ரப்பர் பால்மரம் கிடையாது, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். மிச்சமிருக்கும் முப்பது சொச்சம் குடும்பங்களில் பாதிப் பேர் வேனில் ஏறி செண்டாயான் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். என் மனைவி லெட்சுமியும் அந்த வேனில்தான் போய்வருகிறாள். அங்கே ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். அந்த வேனும் அந்தப் பாலமும் அந்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் சந்தித்துவிடக் கூடாது. பல வருடங்களாக எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கம்பெனி நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தது. அம்பாங்கானில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனி. தண்ணீர் எத்தனை அடி என்பதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று திறந்து விட்டிருந்தார்கள். ஆனால் அது மனிதன் கேட்பதற்காக வைத்தது அல்ல, இயந்திரம் கேட்பதற்காக வைத்தது. அதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். சிரம்பானில் கைப்பேசி பழுது பார்க்கும் என் மச்சான் சேகர், உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை வாங்கி எட்டு வரி எழுதினான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டி ஆற்றைப் பற்றிக் கேட்கும். ஒன்பது அடி அல்லது அதற்கு மேல் என்று பதில் வந்தால் சங்கு ஒருமுறை நீளமாக ஊதும். ஒன்பது என்ற எண்ணைச் சொன்னது நான். ஆகவே அந்த எட்டு வரியையும் எழுதியது நான் என்று ஊரில் சொல்லிக்கொள்வதில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வைத்த முதல் மாதம், நல்ல வெயிலில் சங்கு ஊதியது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆற்றில் முழங்கால் தண்ணீர். சேகர் வந்து பார்த்தான். பதில் தொண்ணூற்று ஒன்பது என்று வந்திருந்தது. மேலே கருவியின் பேட்டரி செத்துப்போயிருந்தது. கருவி வாய் பேசாவிட்டால் கம்பெனி தொண்ணூற்று ஒன்பது என்று பதில் தருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. சேகரைவிட்டு இன்னொரு வரி எழுத வைத்தேன். தொண்ணூற்று ஒன்பது வந்தால் சங்கு மூன்று முறை ஊதும்.

அதிலிருந்து எங்கள் தோட்டத்தில் அது சட்டமாகிவிட்டது. ஒரு ஊது என்றால் ஆறு ஏறுகிறது. மூன்று ஊது என்றால் ஆற்றின் கண் அவிந்துவிட்டது. யாராவது போய்ப் பாலத்துக் காலில் அடித்திருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு வரும்வரை ஒருவரும் கடக்கக் கூடாது. அந்தக் காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் பெரட்டுச் சங்குக்கு இருந்த மரியாதை இதற்கும் இருந்தது. தொண்ணூற்று ஒன்பது என்பது என் மூளையில் பிறந்தது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

கடைசியாக, எறும்பு. தோட்டத்து எறும்புக்கு மின்சாரப் பெட்டி என்றால் தேன். படகுக்கு ஓட்டை அடைக்கும் ரெசினை வாங்கி வந்து, பலகை மூழ்கும்வரை பெட்டிக்குள் ஊற்றினேன். அது பாறையாக இறுகிவிட்டது.

"மச்சான், இத இனிமே தொறக்கவே முடியாதுலா!" என்று சேகர் தலையில் கை வைத்தான்.

"அதுக்குத்தான்டா ஊத்துனேன்" என்றேன்.

நான்கு வருடம் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. ஐந்தாவது வருடம் ஒரு சனிக்கிழமை, பார்வதியின் ஒட்டுக்கடை வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினாள். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"அக்கா, இந்தத் தோட்டத்துல ஆத்தப் பத்தி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கேக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

"மிஷினா, மனுசனா?" என்றாள் பார்வதி.

"மிஷின்."

"மிஷின் இருக்கான்னு தெரியாதும்மா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆத்தப் பத்திப் பேசற மனுசன் ஒருத்தரு இருக்காரு. அதோ, சட்ட போடாம மீ கோரெங் சாப்புட்றாரே, அவருதான்."

அப்படித்தான் ஸ்டெல்லாவுக்கு நான் அறிமுகமானேன். பெட்டியைக் காட்டினேன். கம்பத்தடியில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'டிக்' என்று சத்தம் வந்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, காணாமல் போன பிள்ளையைத் திருவிழாவில் கண்டுபிடித்தவள் முகத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"ஒங்களத்தான் அங்கிள் மூணு மாசமா தேடறேன்."

அவள் கம்பெனியில் அந்த ஏ.பி.ஐ.-யை மாற்றிப் புதிதாகச் செய்யப்போகிறார்கள். பழையதை நிறுத்தப்போகிறோம் என்று, பெயர் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கடிதம் அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் புதியதற்கு மாறிவிட்டார்கள். பெயர் கொடுக்காத ஒரே ஒருவன் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து பழையபடியே கேட்டுக்கொண்டிருக்கிறான். தீபாவளியன்றும் கேட்கிறான், பெருநாளன்றும் கேட்கிறான். யார், எங்கே இருக்கிறான் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. விட்டுத்தள்ளு என்றார்களாம்.

அவள் விடவில்லை. இனி வருவதைக் கேட்டு நான் ஆடிப்போனேன், நீங்களும் ஆடிப்போவீர்கள். அந்த ஒருவன் என்றைக்காவது கேட்காமல் இருந்திருக்கிறானா என்று நான்கு வருடக் குறிப்பைப் புரட்டியிருக்கிறாள். சில நாட்களில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் சத்தம் இல்லை. அந்த நாட்களில் எந்தெந்த வட்டாரத்தில் மின்சாரம் நிறுத்தினார்கள் என்ற பழைய அறிவிப்புகளைத் தேடி எடுத்து, நேரத்தோடு நேரம் பொருத்தியிருக்கிறாள். மாநிலம் முழுவதும் இருந்து கழித்துக் கழித்து மூன்று தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் தோட்டம் மூன்றாவது. என் பெட்டி பேசாமல் இருந்த நேரத்தைக் கொண்டு என்னைக் கண்டுபிடித்தவள் அவள். போலீஸ் வேலைக்குப் போயிருந்தால் இந்த நாட்டில் திருடனே இருந்திருக்க மாட்டான்.

"இந்த ஏ.பி.ஐ.ன்னா என்னாம்மா? எனக்குத் தெரியும், நீ எப்புடிச் சொல்றேன்னு பாக்கலாம்" என்றேன்.

"எங்கப்பா தோட்டத்துல வளந்தவரு அங்கிள். கிராணி ஆபீஸ் சன்னல்னு சொல்வாரு. சன்னலுக்கு வெளிய நின்னு ஒரு மொறையா கேட்டா, உள்ள இருந்து ஒரு மொறையா பதில் வரும். உள்ள கணக்கு எழுதற கிராணி மாறலாம், மேச மாறலாம், ஆபீஸையே இடிச்சுக் கட்டலாம். வெளிய நிக்கறவனுக்கு அது தெரியவே கூடாது. அவன் கை நீட்டற எடத்துல சன்னல் இருக்கணும். ஏ.பி.ஐ. அதுதான்."

எத்தனையோ படித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவரும் எனக்குப் புரியும்படி சொன்னதில்லை. இவள் சொன்னதும் பார்வதிக்கே புரிந்துவிட்டது.

புதிய சன்னலில் இரண்டு மாற்றம் என்றாள். ஒன்று, அடிக்கணக்கு போய் மீட்டர் கணக்கு வரும். ஒன்பது அடி என்பது மூன்று மீட்டருக்கும் குறைவு. என் பெட்டியோ ஒன்பதுக்குக் காத்துக்கொண்டிருக்கும். ஆறு பாலத்தையே விழுங்கினாலும் மீட்டரில் ஒன்பது வராது.

"ரெண்டாவது என்னாம்மா?"

"தொண்ணூத்தி ஒம்போதுன்னு ஒரு தப்பு இருக்கு. அதத் திருத்தப் போறோம்."

"தப்பா? அது என் கண்டுபிடிப்பும்மா!" என்று ஆரம்பித்து, மூன்று ஊது, சிவப்புக் கோடு, லெட்சுமி போகிற வேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அங்கிள், அது என் தப்பு. வேலைக்குச் சேந்த புதுசுல எழுதுனது. கருவி பேசலன்னா என்னா சொல்றதுன்னு தெரியாம, இப்போதைக்குக் கெடக்கட்டும்னு தொண்ணூத்தி ஒம்போது போட்டேன். அப்புறம் மாத்தலாம்னு விட்டது. 'தெரியவில்லை'ன்னு சொல்றதுதான் மொற. இத்தன வருசமா அத நெனச்சு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அந்தத் தப்ப நம்பித்தான் நாங்க பாலம் தாண்டுறோமா?"

"ஆமா அங்கிள்." திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். "அத நம்பி ஆள் நடக்க ஆரம்பிச்ச பிறகு அது தப்பு இல்ல. வாக்கு."

இந்த வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து கூட்டவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் வரிகளை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். ரெசினைக் காட்டினேன். தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், ஒட்டுக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். "எறும்புக்காகவா அங்கிள்? எறும்புக்காகவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

புதுப் பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லிக் காரில் ஏறினாள். சாவியைத் திருகினாள். திருகியவள் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"புதுப் பெட்டி வேணாம் அங்கிள். ஒங்க ஊர்ல கரண்டு போனதால ஒங்களக் கண்டுபிடிச்சேன். மழைக்காலத்துல மட்டும் கேக்கறவங்க வேற யாராச்சும் இருந்தா? கரண்டே போகாத ஊர்ல ஒருத்தன் ரெசின் ஊத்தி வெச்சிருந்தா? அவனுக்கு நான் எங்க போயி பெட்டி குடுப்பேன்? சன்னல மூடக் கூடாது. அவ்ளோதான்."

அடுத்த வாரம் என்னை அம்பாங்கான் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். என் கல்யாணத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் மட்டும் சேரவில்லை. மேனேஜர் நம்ம ஆள்தான், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"ரெண்டு சன்னலுக்கு ரெண்டு வேல ஸ்டெல்லா. யாரு பாக்கறது?" என்றார்.

"ரெண்டு இல்ல போஸ். வேல செய்யறது புதுசு ஒண்ணுதான். பழைய சன்னல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர ஒக்கார வெக்கறேன். உள்ள மீட்டர்ல வர்றத வெளிய அடியாக்கிச் சொல்லும். உள்ள 'தெரியவில்லை'ன்னு வந்தா, வெளிய தொண்ணூத்தி ஒம்போதுன்னு சொல்லும். நாப்பது வரி. நான் பாத்துக்கறேன்."

"தப்புன்னு தெரிஞ்சே தப்பச் சொல்லச் சொல்றியா? சரி, ஒண்ணு பண்ணுவோம். ஒரு நாளைக்கு மூடிப் பாப்போம். யாரு கத்தறாங்கன்னு தெரிஞ்சிடும்."

ஸ்டெல்லாவுக்கு எப்படிக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே போடவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"போஸ், இவரு கத்துனா ஆத்தங்கரையில கத்துவாரு. மேல்மாடிக்குக் கேக்காது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்போது நான் எழுந்து அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பேச்சில் மேனேஜர் கண் கலங்கினார், கீழே பலசரக்குக் கடையில் வியாபாரம் நின்றுவிட்டது. ஸ்டெல்லா இதைக் கேட்டால், "நீங்க எந்திரிச்சு 'என் வீட்டுக்காரி அந்த வேன்ல வர்றா'ன்னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துட்டீங்க அங்கிள்" என்பாள். எப்படியோ, ஆறு மாதம் பார்க்கலாம் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆறு மாதம் முடிந்தால் பழைய சன்னல் மூடப்படும்.

மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்ததோடு அவள் விடவில்லை. பழைய சன்னலும் புது மொழிபெயர்ப்பாளரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு மாதம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்படி செய்தாள். இரண்டு பதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் எட்டே முக்கால் அடி தண்ணீர். பழையது எட்டு என்றது, புதியது ஒன்பது என்றது. எங்கே என்ன தப்பு என்று பார்த்தால், பழைய காலத்தில் அவள் மிச்சத்தை வெட்டிவிட்டு முழு அடியை மட்டும் சொல்லியிருக்கிறாள். புதியது கிட்டத்து அடிக்கு ஏற்றிச் சொல்கிறது.

"ஏத்திச் சொல்றது நல்லதுதானேம்மா, முன்னாடியே ஊதுமே" என்று போனில் சொன்னேன்.

"நல்லதுதான் அங்கிள். ஆனா நீங்க ஒம்போதுன்னு எண் வெச்சது பழைய பதிலப் பாத்துத்தானே? தேவையில்லாம நாலு தடவ ஊதுனா அஞ்சாவது தடவ யாரு நிப்பாங்க?"

ஏற்றிச் சொன்ன அந்தக் கால் அடியையும் வெட்டினாள். உலகத்தில் யாரும் கேட்காத கால் அடி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஐந்தாவது மாதம் அந்த மழை வந்தது. சாயங்காலம் ஐந்து மணி. எங்கள் பக்கம் ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. மலை மட்டும் கறுத்து நின்றது. நான் பார்வதி கடையில் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. நின்றது. மறுபடி ஊதியது. மறுபடி ஊதியது.

மூன்று.

சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக எழுதலாம். பாலத்துக்கு வந்தபோது சிவப்புக் கோடு மறைந்திருந்தது. தண்ணீர் யானைக் கூட்டம் மாதிரி வந்தது. முழுச் செம்பனை மரம் ஒன்று வேரோடு உருண்டு வந்து பாலத்துக் காலில் மோதி நின்றது. அக்கரையில், வளைவுக்குச் சற்று அந்தப் பக்கம், வேன் நின்றுகொண்டிருந்தது. பதினொரு பேர் அதற்குள். ஓட்டுநர் முனியாண்டி கதவைத் திறந்து வெளியே நின்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மரம் வந்து மோதியது. பாலத்தின் நடுப்பகுதி, தட்டிலிருந்து தோசையை எடுத்த மாதிரி, அப்படியே போய்விட்டது.

வேனுக்குள்ளிருந்து லெட்சுமி தலையை நீட்டினாள். ஆற்றுச் சத்தத்துக்கு மேல் அவள் சத்தம் வந்தது.

"அந்தச் சங்க நிறுத்தித் தொலைங்களேன்! காது கிழியுது!"

முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளில் அவ்வளவு இனிமையான வார்த்தை வேறொன்றில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள்தான் முழு விவரமும் தெரிந்தது. மேலே உருண்டு வந்த மரம் முதலில் அடித்தது அளக்கும் கருவியைத்தான். அதற்கப்புறம் ஆறு எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாது. முனியாண்டியின் கைப்பேசியில் புதிய சன்னலைப் பார்க்கும் செயலி இருந்தது. வளைவுக்கு வருமுன் அதைப் பார்த்திருக்கிறான். எண் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்ததாம். 'தெரியவில்லை' என்பதற்கு அடையாளம் அது. "கோடுன்னா தண்ணி இல்லன்னு நெனச்சேன்ணே. மூணு ஊது கேட்டுத்தான் நிறுத்துனேன்" என்று என்னிடம் அழுதான். புதிய சன்னல் பொய் சொல்லவில்லை. சரியாகத்தான் சொன்னது. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய சன்னல் தப்பாகச் சொன்னது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த தப்பைச் சொன்னது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நான் எப்போதும்போல யானை, புலி எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தொண்ணூத்தி ஒம்போது எத்தன மணிக்கு வந்துச்சு அங்கிள்?"

"அஞ்சு பத்து."

அவள் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சாப்புட்டீங்களா?" என்றாள்.

ஆறு மாதக் கெடு வந்தது, போனது. மேனேஜர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்டெல்லா செயலியிலும் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, 'தெரியவில்லை, போய்ப் பார்க்கவும்' என்று மூன்று மொழியில் போட்டாள். பழைய சன்னலில் கை வைக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். லெட்சுமி முறுக்கை அள்ளி அள்ளி வைத்தாள். நான் வெள்ளத்துக் கதையை நூறாவது முறையாக எடுத்துவிட்டேன். இந்த முறை செம்பனை மரம் மூன்றாகிவிட்டது, ஆற்றில் ஒரு முதலையும் வந்தது.

"போன தடவ ரெண்டு மரம்" என்றாள் லெட்சுமி. "முதல எப்ப வந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்காமல் எனக்காகப் பேசினாள்.

"விடுங்க ஆன்ட்டி. அங்கிள், நீங்க எவ்ளோ வேணாலும் கூட்டிக்கிட்டே போங்க. முதல வரட்டும், திமிங்கலம் வரட்டும். ஏற்கனவே சொன்னத மட்டும் மாத்தாதீங்க. வேன் நின்னுச்சு, பதினோரு பேரு பொழச்சாங்க, அஞ்சு பத்து. அத நம்பி எங்கயோ ஒருத்தன் ஒக்காந்திருப்பான்."

அவள் வேலையின் மொத்தச் சட்டமும் இதுதான் என்று பின்னால் சேவியர் எனக்கு விளக்கினான். சேர்க்கலாம், கொடுத்ததை எடுக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. என் வாழ்க்கையில் என்னைப் புளுகன் என்று சொல்லாமல், புளுகுவதற்கும் ஒரு தர்மம் இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் அவள்.

ரஹாங்கில் அவளை எடுத்த அன்று, சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றபோது எனக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பது வரியையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் படுத்துவிட்டாள். இனி யார் பார்ப்பார்கள்? அவள் இடத்தில் உட்காரப்போகும் புது ஆள், இதென்ன தப்பு என்று முதல் நாளே திருத்திவிட்டால்? லெட்சுமி இன்றைக்கும் அந்த வேனில்தான் போகிறாள். புதுப் பாலமும் பழைய பாலத்தைவிட ஒரு முழம்தான் உயரம்.

மேனேஜர் வந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சன்னல்..." என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அவள் எழுதிய நாற்பது வரி. தொண்ணூற்று ஒன்பது இருக்கும் வரிக்கு மேலே, இயந்திரம் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தமிழில் சொன்னார்:

"இது என் தப்பு. திருத்தாதே. ஆற்றுக்கு அக்கரையில் ஆள் இருக்கிறார்கள்."

அதற்குக் கீழே முந்தின நாள் தேதியில் இன்னொரு வரி இருந்தது. அவள் வேலையை எடுத்துக்கொண்ட புதுப் பெண் எழுதியது. "படித்தேன். திருத்த மாட்டேன்."

பெரியவர்கள் போனால் பெயர் நிற்கும் என்பார்கள். பெயர் நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கல்லில் எழுதி வைத்தால் எந்தப் பெயரும் நிற்கும். ஒருத்தி கொடுத்த வாக்கு, அவளை மண்ணில் வைத்த பிறகும், முகம் தெரியாத ஒருவனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதில் சொல்லிக்கொண்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, அந்த 'டிக்' சத்தம். இரண்டாவது, ஏற்கனவே சொன்னதை மாற்றாதே என்ற சொல். இந்தக் கட்டுரையில் ஏணி முப்பதடி என்று எழுதினேன். லெட்சுமி எட்டடி என்கிறாள். எழுதியது எழுதியதுதான், மாற்ற மாட்டேன். ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், அது அவள் சட்டத்துக்கு உட்பட்டதே. தொண்ணூற்று ஒன்பது என் மூளையில் பிறந்தது என்று இத்தனை வருடம் சொல்லி வந்தேன். அது என்னுடையது இல்லை. ஸ்டெல்லாவுடையது.